நாலாம் நம்பர்க் கோப்பை

கண்ணாடிக் கோப்பை ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். நிறமும் வடிவமும் பிறகுதான். பதுளையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய சாமான் விற்கிறவர்களுக்கு என் பழக்கம் தெரியும். "என்ன மிஸ், அடியில புதையலா இருக்கு?" என்று கிண்டல் பண்ணுவார்கள். நான் பதில் சொல்வதில்லை. இன்னதைத் தேடுகிறேன் என்று விற்கிறவனிடம் வாய்விட்டால், அடுத்த வாரமே அது அவன் கடையில் இருக்கும்.

என் தொழில் அப்படி. வங்கியில் அடகுப் பிரிவில் இருக்கிறேன். நகையோடு வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். சங்கிலியின் கொக்கியைத்தான் பார்ப்பேன். முலாம் முதலில் தேய்வது அங்கேதான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் இந்த நாற்காலியில் ஒரு மாதம்கூட உட்கார முடியாது. தொழிலுக்கு வருவதற்கு முன்பே நான் அப்படித்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

பச்சைக் கண்ணாடிச் சாமான்கள் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களுக்கு வந்தவை. இப்போது பல பங்களாக்கள் சுற்றுலாக்காரர் தங்கும் விடுதிகளாகிவிட்டதால், அலுமாரிகளில் கிடந்தவை வெளியே வருகின்றன. அவற்றில் இரண்டு வகை. ஒன்று சோடாப் போத்தல் மாதிரி ஊடே பார்க்கக்கூடிய பச்சை. தேசிக்காய் பிழிகிற கிண்ணம், வெண்ணெய்ப் பெட்டி, அளவுக் குவளை எல்லாம் அதில் உண்டு. மற்றது ஊடே பார்க்க முடியாத பால் பச்சை. பாலில் கொஞ்சம் கீரைச் சாறு விழுந்தது போல இருக்கும்.

முதல் வகையைச் சோதிக்க, கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போவேன். பழைய கண்ணாடியில் பல துண்டுகள் மின்மினி போல ஒளிரும். ஆனால் அதை மட்டும் நம்பினால் கெட்டோம். புதிதாகச் செய்கிறவர்களும் ஒளிர வைக்கிறார்கள். அதனால்தான் அடியைப் பார்ப்பது. பல வருடம் தட்டில் இழுபட்ட கோப்பையின் அடியில் மயிரிழைக் கீறல்கள் எல்லாப் பக்கமும் ஓடும். கள்ளச் சரக்கை உப்புத்தாளில் தேய்த்திருப்பார்கள், கோடெல்லாம் ஒரே பக்கமாகப் போகும். பதுளைச் சந்தையில் ஒருவன் "இது வெள்ளக்காரன் காலத்துச் சாமான், மிஸ்" என்று சத்தியம் பண்ணி ஒரு கிண்ணம் நீட்டினான். கவிழ்த்துக் காட்டி, "வெள்ளக்காரன் போன மாசமா வந்தான்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் வங்கியில் நினைக்கிறார்கள். நான் தேடியது ஒரே ஒரு கோப்பையை. பால் பச்சை, கையகலம், அடியில் 4 என்ற எண் புடைத்திருக்க வேண்டும்.

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது அம்மா லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களாவில் சமையலறை வேலை செய்தாள். சட்டி பானை, கோப்பை கழுவுவது அவள் பொறுப்பு. மழையில்லை, அட்டைக்கடி இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்களுக்கு அவள்மேல் பொறாமை. சாயங்காலம் சோப்பு வாசத்தோடு வருவாள். மடியில் காகிதம் சுற்றிய பாண் ரொட்டித் துண்டு இருக்கும், சில நாள் வெண்ணெய் தடவியிருக்கும். நான் லயத்தின் பின்பக்கம் போய் நின்று அதைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

அந்த வருடம் தோட்டத்துக்கு மேலாளராகப் புதுத் துரை வந்தார். அவர் மனைவியை நாங்கள் துரைசானி என்போம். வந்த கையோடு துரைசானி அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். பால் பச்சைக் கோப்பைகள் ஐந்து இருந்தன. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். அடியில் 1, 2, 3, 5, 6 என்று எண்கள். "நாலு எங்கே?" என்று கேட்டார். சமையல்காரர் வாயைத் திறக்கவில்லை. அம்மா மட்டும், "நான் வேலைக்கி வந்த நாள்ல இருந்தே அஞ்சுதாங்க இருந்துச்சு" என்றாள். கழுவுகிறவள் அவள். பழியும் அவள்மேல் விழுந்தது.

கணக்கப்பிள்ளை இரண்டு காவல்காரர்களோடு எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு வந்தார். அரிசித் தகரத்தைக் கவிழ்த்தார்கள், சேலைப் பெட்டியை உதறினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் திருடவில்லை என்று யாரும் சொல்லவில்லை; டவுனில் விற்றுவிட்டாள் என்றார்கள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்து அம்மா மற்ற பெண்களோடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள்.

அப்போதுகூட ஒரு வழி இருந்தது. தோட்டத்தில் களவுப் பழி விழுந்தால் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணுவார்கள். பண்ணிவிட்டால் அதோடு பேச்சு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை ஊர் கூடியது. தோட்டத்துத் தலைவர் தட்டில் கற்பூரத்தை ஏற்றி, அம்மா சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தார். நான் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த வார்த்தைகள் என் காதில் ஏறவில்லை. அம்மா கையை நீட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை மடக்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, லயத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

"மடியில கனமில்லன்னா வழியில எதுக்குப் பயம்?" என்று பின்னால் ஒரு பெண் சொன்னது நன்றாகக் காதில் ஏறியது. அன்றிலிருந்து அம்மாவுக்குக் கோப்பைக்காரி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நான் கோப்பைக்காரி மகள். எனக்கு வந்த ஆத்திரம் அப்படிச் சொன்னவர்கள்மேல் வரவில்லை, அம்மாமேல்தான் வந்தது. ஒரு கற்பூரத்தை அணைக்க இவளுக்கு என்ன வந்தது என்று இரவெல்லாம் நினைத்தேன். எடுக்காதவள் அணைத்திருப்பாள். இந்தக் கணக்கை நான் பிறகு எத்தனை தடவை போட்டாலும் அதே விடைதான் வந்தது.

படித்து, வேலை கிடைத்து, பதுளையில் வீடு கட்டியபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கேட்கத்தான் நினைத்தேன், எப்படிக் கேட்பது? சோற்றைப் போட்டுக் கொடுக்கிறவளிடம், "அந்தக் கோப்பையை எடுத்தியா?" என்று எந்த வாயால் கேட்பது? அதனால் கோப்பையைத் தேடினேன். நாலாம் நம்பர் யார் வீட்டில் கிடைக்கிறதோ அந்த வீட்டில் கேள்வி கேட்கலாம். அம்மா விற்றிருந்தால் வாங்கினவர் சொல்வார். அம்மா விற்கவில்லை என்றால் அதையும் சொல்வார்.

எனக்கு எல்லார்மேலும் சந்தேகம். பங்களாச் சமையல்காரர் இறந்துவிட்டிருந்தார். அவர் மகன் லுணுகலையில் வைத்திருக்கும் தேத்தண்ணிக் கடைக்கு வேண்டுமென்றே போய்ச் சுவரலுமாரியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு மூன்று தேத்தண்ணி குடித்தேன். உள்ளே பச்சையாகத் தெரிந்தது பிளாஸ்டிக் தண்ணீர்க் கூசா. ஹாலிஎலையில் ஒரு வீட்டில் பால் பச்சைக் கோப்பை இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். கவிழ்த்தால் 9. இது வேறு பெரிய செட் போலிருக்கிறது என்று வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் நான் சேர்த்த சாமான்களை அம்மா தொடமாட்டாள். தூசி தட்டக்கூட மாட்டாள். அவள் குடிப்பது எவர்சில்வர் தம்ளரில். புதிதாக எதையாவது கொண்டுவந்து நான் கவிழ்த்துப் பார்க்கும்போது மட்டும் வாசலில் வந்து நிற்பாள். என் முகத்தைப் பார்ப்பாள். நான் இல்லை என்று தலையை ஆட்டியதும் உள்ளே போய்விடுவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் அப்புத்தளைப் பழைய சாமான் கடைக்காரர் போன் பண்ணினார்; நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஒரு பங்களாவின் பின்கட்டை இடித்தபோது, ஆணியடித்த மரப்பெட்டி ஒன்று பிரிக்காமலே கிடைத்ததாம். "நீங்க கேக்குற பச்சச் சாமான் மாதிரி பலகை இடுக்கால தெரியுது, மிஸ். தொறக்கட்டுமா?" என்றார். திறக்க வேண்டாம், நான் வருகிறேன் என்றேன். திறந்து வேறெதையாவது கலந்து வைத்துவிட்டால்?

கடை வாசல் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம் இறங்கியிருந்தது. நானா பெட்டியை எனக்கு முன்னால் வைத்தார். நான் ஆணிகளைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒரே துரு, புதிதாகப் பிடுங்கி அடித்த அடையாளம் இல்லை. "சந்தேகம் தீந்துச்சா?" என்றார். தீரவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே பலகையைப் பிடுங்கினார்.

வைக்கோலுக்குள் ஆறு பால் பச்சைக் கோப்பைகள், அதே கையகலம். காகிதம் பிரித்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். அடியில் ஒரு கீறல் இல்லை, ஒரு நாளும் மேசைக்கு வராதவை. முதல் கோப்பையில் 2. அடுத்ததில் 4.

அதை மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாவதை எடுத்தேன். அதிலும் 4. பிறகு 7, மறுபடியும் 2, கடைசியில் 11.

நானாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் ஆணியைப் பிடுங்கினதே என் கண் முன்னால். தொழிற்சாலையில் அடுக்கி, கப்பலில் வந்து, யாரும் திறக்காத பெட்டி. ஒரு செட்டில் எப்படி இரண்டு நாலு? ஒன்று எங்கே, மூன்று எங்கே? அங்கேயே உட்கார்ந்தபடி, போனில் இருக்கும் சேகரிப்பாளர் குழுவுக்குப் படம் அனுப்பினேன். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் உடனே பதில் போட்டாள்: அது வரிசை எண் இல்லை, அச்சின் எண். பல அச்சுகளில் ஒரே நேரத்தில் வார்ப்பார்கள். எந்த அச்சில் பழுது என்று கண்டுபிடிக்க அந்த எண். பெட்டியில் எது கைக்கு வந்ததோ அதுதான். அவள் பேச்சையும் நான் எளிதில் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் இரண்டு நாலும் என் மடியில் இருந்தன. ஹாலிஎலையில் பார்த்த ஒன்பதும் ஞாபகத்துக்கு வந்தது.

அம்மா சொன்னது போல அந்தப் பங்களாவில் இருந்தது ஐந்துதான்; நாலாம் நம்பர்க் கோப்பை அங்கே வரவே இல்லை. துரைசானியின் மேசையில் தற்செயலாக எண்கள் வரிசையாக நின்றன. நாலைக் காணோம் என்றார். ஊரே நாலைத் தேடியது. சமையல்காரரையும் அவர் மகனையும் பெற்ற தாயையும் சந்தேகப்பட்ட நான், அந்த எண்ணை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

ரயிலில் பதுளைக்குத் திரும்பும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஹாலிஎலை வரைக்கும் மனதுக்குள் பேசிப் பார்த்தேன்.

அம்மா சமையலறை மேசையில் கறிக்குப் போஞ்சிக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். ஆறு கோப்பைகளையும் அவள் முன்னால் கவிழ்த்து வைத்தேன். எண்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அச்சைப் பற்றிச் சொன்னேன். "அப்பிடி ஒரு கோப்பையே இல்லம்மா. நீ எடுக்கல. யாருமே எடுக்கல" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அம்மா ஒரு கோப்பையின் அடியை விரலால் தடவினாள். வீட்டுக்கு வந்த பச்சைக் கண்ணாடியில் அவள் தொட்ட முதல் சாமான் அதுதான்.

"இது ஒனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"இன்னைக்குத்தாம்மா. காலையில."

"அப்ப நேத்து வரைக்கும்?"

அம்மா கோபமாகக் கேட்கவில்லை. அடுத்த போஞ்சியைக் கையில் எடுத்து, உடைக்காமல் வைத்திருந்தாள்.

"எனக்காகத் தேடுறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எம் மகளுக்கு நான் எடுக்கலன்னு தெரியும், ஊருக்குக் காட்டத்தான் தேடுறான்னு."

"நீதான் சத்தியம் பண்ணலியேம்மா" என்றேன். இத்தனை வருடம் உள்ளே கிடந்தது, அந்த நேரத்தில் வந்து விழுந்தது.

"தலைவர் என்ன சொல்லி அணைக்கச் சொன்னாரு, ஞாபகம் இருக்கா? பங்களாவுல இருந்து ஒரு துரும்பும் எடுக்கலன்னு." போஞ்சியை உடைத்துச் சட்டியில் போட்டாள். "கோப்பைய எடுக்கலன்னு சொல்லச் சொல்லியிருந்தா அணைச்சிருப்பேன். தெனம் ஒனக்குப் பாண் எங்கேருந்து வந்துச்சு?"

சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் கவிழ்த்து வைத்த கோப்பைகள் மேசையில் அப்படியே இருந்தன. நிமிர்த்தி வைக்க எனக்குக் கை வரவில்லை.