வாப்பாவின் கண்ணுக்குள் போன நியோடிமியம்

கண்ணில் வெண்புரை எடுத்து வில்லை வைத்த பிறகும் வாப்பாவுக்கு மறுபடி எல்லாம் புகை மூடிப் போனது. வில்லைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு மங்கிவிட்டால், வரும் வெளிச்சத்தை நேரே விடாமல் நாலா பக்கமும் சிதறடிக்கும். கல்முனையில் பௌதிகவியல் படிப்பிக்கிற எனக்கு இதை அவருக்கு விளங்கப்படுத்தியே வாய் வலித்தது. லேசர் அடித்தால் கொஞ்ச நேர வேலை. ஆனால் அதற்கு முன் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், அதுவோ நோன்பு மாதம்.

"கண்ணுக்கு மருந்து விட்டா நோன்பு முறியாதாம் வாப்பா. மௌலவியும் சொல்லிட்டார்."

"அவர்ர தொண்டையிலயா மருந்து இறங்கிக் கசக்கிற? எனக்கெல்லுவா கசக்கிது. பெருநாள் கழியட்டும்."

சொன்னால் சொன்னதுதான். பிடிவாதத்தில் அவரை வெல்ல ஊரில் ஆளில்லை.

பெருநாளுக்கு முன்பே உம்மா வபாத்தாகிப் போனா. கடைசியாக முகம் பார்க்கக் கபன் துணியை விலக்கினார்கள். வாப்பா குனிந்தார், இன்னும் குனிந்தார், கண்ணைக் கசக்கினார். "வெள்ளையாத்தான் இரிக்கி," என்றார். துணியும் முகமும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. அஸர் தொழுகைக்கு முன் அடக்கினோம். நான் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன், கோப்பை கழுவினேன். அவ்வளவுதான்.

பெருநாள் கழிந்தது. "இனி எதப் பாக்க லேசர்?" என்றார் வாப்பா. உம்மா படம் பிடிக்க விடாத மனுஷி. இருந்த ஒரே படம், தன் அடையாள அட்டையில் இருந்ததைப் பார்த்து, "இது ஆருடி?" என்று என்னிடமே கேட்டுச் சிரிப்பா. உம்மாவின் தங்கச்சி, என் சாச்சிதான் வாப்பாவை மடக்கினா.

"மகள்ர முகத்தப் பாருங்க மச்சான். என்ட ராத்தாட அச்சு."

அன்று பின்னேரமே, "எப்ப போற?" என்று வாப்பா கேட்டார்.

அந்த லேசருக்குள் இருப்பது நியோடிமியம் கலந்த பளிங்கு. கம்பஸில் கடைசி வருடம் நான் அதோடுதான் மாரடித்தேன். உள்ளே அடிக்கும் விளக்கின் வெளிச்சத்தை நியோடிமியம் அயன்கள் விழுங்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகத் திருப்பித் தரும். பளிங்கு எப்படி அதிர்ந்தாலும் அந்த ஒளி பெரிதாக மாறாது. வேலை செய்யும் இலத்திரன்கள் உள்ளே இருக்கின்றன. வெளி இலத்திரன்கள் அவற்றைப் போர்த்திக் கிடக்கின்றன. உம்மா போனதிலிருந்து நானும் அப்படித்தான் கிடந்தேன். ஊரே அழுதது, எனக்குள் ஒன்றும் எட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் வாப்பாவின் கண்ணுக்கு லேசர் அடித்தபோது டிக், டிக் என்று மெல்லிய சத்தம். சவ்வில் துவாரம் விழுந்தது. மருந்தின் கூச்சம் விட ஒரு இரவு போனது.

சுபஹு தொழுது, வெளிச்சம் வந்ததும் வாப்பா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "முக்காட்ட எடு புள்ள." எடுத்தேன். நாடியைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார். யா அல்லாஹ், உம்மாவின் சாயல் ஒரு துளியாவது இருக்க வேண்டுமே என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

"வடிவாத் தெரியிதா வாப்பா?"

"ஓம், தெரியிது." கையை எடுத்தார். "சாச்சி பொய் சொல்லியிரிக்கா. இது என்ட மூஞ்சி."