இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

சாமி சந்நிதியில் நான் ஒரு மோசடி செய்திருக்கிறேன். ஏமாந்தவர் என் அக்காள் கணவர். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். ஆலங்குடிப் பக்கம் அத்தானுக்குக் கடலைக் காடு இருந்தது. அந்த வருஷம் விளைச்சல் அமோகம். வீடு நிறையக் கடலையை வைத்துக்கொண்டு மனிதர் கட்டிலில் படுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குளிக்கமாட்டார், பேசமாட்டார், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சுவரையே பார்ப்பார். இன்றைக்கு டாக்டர்கள் மனச்சோர்வு என்கிறார்கள். அன்று ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. ஆகவே கண்ணேறு, பித்தம், சோம்பல் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்.

"வெளையலைன்னு படுக்கலாம். வெளைஞ்சதுக்குப் படுக்கிறவரை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள்.

அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இப்படியே போய்ச் சேந்துருவாரோன்னு பயமா இருக்குடா தம்பி."

நான் காலேஜில் படித்துவிட்டு அந்த ஊரிலேயே வாத்தியாராக இருந்தவன். விடியற்காலை நடை, பச்சைத் தண்ணீர்க் குளியல், நேரத்துக்குக் கஞ்சி என்று ஒரு சுகாதாரப் புத்தகத்தில் படித்ததை அவரிடம் ஒப்பித்தேன். வெயில் முகத்தில் அடித்தால்தான் நான் எழுந்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

"நீ நட மாப்ள. நான் படுத்துக்கிட்டே பாக்குறேன்" என்றார்.

என் பேச்சு எடுபடாது. அய்யனார் பேச்சு எடுபடும். எங்கள் பக்கம் எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. பூசாரிக்குப் பார்வை மங்கல் என்று சொல்லி, மடிக்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையை வைத்தேன்.

அத்தானை மாட்டுவண்டியில் ஏற்றிப் போனோம். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும் விடியலில் அவர் நடந்து வந்து ஊருணியில் குளித்துக் கும்பிடவேண்டுமா என்று அக்காள் கேட்டாள். வெள்ளை. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கிளம்பப் பார்த்தேன்.

"இருங்க, இன்னொண்ணு கேக்கணும்" என்றார் அத்தான். பல வாரத்தில் அவராக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "தொணைக்கு மாப்ளயும் நடக்கணுமா?"

எல்லோர் கண்ணும் பொட்டலத்தின் மேல். பூவை மாற்ற வழியில்லை. எடுத்த பூவை மறுபடி மடித்துக் குலுக்கிப் போட்டேன். வெள்ளை.

"மாப்ளயும் ஊருணியில முங்கணுமா?"

மார்கழி மாதம். வெள்ளை.

"மாப்ள காப்பியை விடணுமா?"

வெள்ளை.

பூசாரி சிலிர்த்துப்போனார். "வாத்தியாரு மேல அய்யாவுக்கு இம்புட்டுப் பிரியமா!"

நடந்தோம். முதல் பத்து நாள் அவர் பேசவில்லை. என் பல் மட்டும் தந்தியடித்தது. பிறகு ஒரு நாள் கம்மங்கஞ்சி இன்னொரு கும்பா கேட்டார். மண்டலம் முடியுமுன் காட்டை எட்டிப் பார்த்தார். நான் பெருமையில் மிதந்தேன்.

அடுத்த வருஷம் அடைமழையோடு அந்தச் சோர்வு திரும்பி வந்தது. நான் பள்ளிக்கூட வேலையாகப் புதுக்கோட்டையில் இருந்தேன். அக்காள் அவரைக் கோயிலுக்கு அழைத்துப்போய், பூசாரியையே மடிக்கச் சொல்லி, அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். சிவப்பு வந்துவிட்டது.

"சாமியே வேணாம்னுருச்சு. இனி எந்திரிச்சு என்ன ஆகப்போகுது" என்று படுத்தவர், நான் வந்து பார்த்தபோது துரும்பாகியிருந்தார். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. அவர் எழுந்து நடப்பதையே ஒரு பூவின் நிறத்தில் கட்டித் தொங்கவிட்டவன் நான்.

"அத்தான், போன வருஷம் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன். சாமி சொல்லலை. நான்தான் சொன்னேன்."

அக்காள் கையிலிருந்த கரண்டி என் தோளில் வந்து விழுந்தது. அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ காப்பியை விட்டது?"

"சும்மாத்தான் விட்டேன்."

"நாப்பத்தெட்டு நாளுமா?"

"ஆமா."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. நாலாம் நாள் விடியலில் என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, தலையில் துண்டோடு தள்ளாடிக்கொண்டு நின்றார்.

"சாமி சொல்லாமலே போன வருஷம் ஒடம்பு தேறியிருக்கு. நடையில என்னமோ இருக்கு. வா."

கோயில் வாசலில் என்னை நிறுத்தினார். "நீ உள்ள வராத. ஒன்னைப் பத்தி அய்யாகிட்டப் பேச வேண்டியிருக்கு."

வெகு நேரம் பேசினார் போலிருக்கிறது. வெளியே வந்தபோது முகமெல்லாம் கண்ணீர். அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவர் அவர்.

பிறகும் சில மழைக்காலங்களில் அந்தச் சோர்வு வந்தது, முழுக்க விடவில்லை. ஒவ்வொரு தடவையும் என் கதவைத் தட்டினார். பூப்போட்டு யாரையும் கேட்கவில்லை. நானும் மறுபேச்சில்லாமல் எழுந்து நடந்தேன். என்னைக் கோயிலுக்குள் மட்டும் விடவில்லை. ஒருமுறை கேட்டே விட்டேன்.

"அய்யாகிட்டச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ள. அவரு இன்னும் யோசிக்கிறாரு" என்றார்.