நான்கு தேசிக்காய்

என் மகளுக்கு இருபது வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருக்கும் ஹோர்சன்சிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போய், பழைய சிறு ரயில் ஒன்றுக்குக் கரி போடுகிறாள். சம்பளம் இல்லை. வேல்ஸ் நாட்டுக் கற்சுரங்கம் ஒன்றில் கல் இழுத்த நீராவி இயந்திரம் அது. இப்போது டென்மார்க்கில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வயல்களுக்கு நடுவே போய்த் திரும்புகிறது.

இரண்டு வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"பொயிலர் வெடிக்காதோ?"

"பதற வேண்டாம் அப்பா" என்று அவள் டெனிஷில் சொல்வாள்.

தனியாகக் கரி போட அனுமதி பெறும் சோதனை நாளன்று நானும் கூடப் போனேன். என் ஜாக்கெட் பையில் நான்கு தேசிக்காய், பச்சை எலுமிச்சை, இருந்தன. எங்கள் கார் வாங்கியபோது, கடை வாசலிலேயே நான்கு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து ஏற்றினோம். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் காருக்கு ஒரு கீறல் இல்லை. இந்த இயந்திரத்துக்கும் சரியாக நான்கு சக்கரம். அது எனக்கு ஊக்கமாக இருந்தது.

காலையில் நெருப்பு மூட்டி மூன்று மணி நேரத்தில் நீராவி ஏறியது. அவளைச் சோதிக்க வந்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எண்ணெய்க் கேன் எடுக்க இருவரும் கொட்டகைக்குள் போனார்கள். போகும்போது மகள், "அப்பா, கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள்.

தேசிக்காய் தண்டவாளத்தில் நிற்காது, உருளும். அதையும் யோசித்து, அடிப்பக்கத்தை வீட்டிலேயே சீவிக்கொண்டு வந்திருந்தேன். மூன்றை வைத்துவிட்டேன். நான்காவதற்கு இடம் இல்லை. முன் வலச் சக்கரத்துக்குக் கீழே ஒரு மரக்கட்டை இருந்தது. யாரோ எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் தேசிக்காயை வைத்தேன்.

இயந்திரம் புறப்பட்டது.

வேகம் ஒன்றும் இல்லை. நடை பழகும் குழந்தை மாதிரிப் போனது. தேசிக்காய்கள் ஒவ்வொன்றாக நசிந்தன. மகள் கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா, தள்ளி நில்லுங்கோ!" என்று தமிழில் கத்தியபடி கட்டையைத் தூக்கினாள், சக்கரத்துக்கு முன்னால் குனிந்தாள், சப்பாத்துக் காலால் உதைத்து உள்ளே செருகினாள். இயந்திரம் நின்றது. ஏறிப்போய்க் கை பிரேக்கை இன்னும் இறுக்கினாள். எல்லாம் ஆறடிக்குள் நடந்து முடிந்தது. அவள் குனிந்த அந்தக் கணம் மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை. வேலையில், கணினிக்கு முன்னால்கூட அது வருகிறது.

ஆசிரியர் நசிந்த தேசிக்காயைப் பார்த்தார்.

"கட்டை வைத்தாயா?"

"வைத்தேன்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"ஏன்?"

"பாதுகாப்புக்காக."

அவர் குனிந்து கட்டையைப் பார்த்தார். பிறகு அவளிடம், பிரேக் பழையது, நீராவி சிறிது கசிந்தாலும் இது தானாக நகரும், அதற்குத்தான் கட்டை என்றார். அவளுக்கு அது தெரியும். எனக்காகத்தான் சொன்னார். "இந்த வேலை தெரியாத ஒருவரை நம்பி இயந்திரத்தை விட்டுப் போகக்கூடாது. அப்பாவாக இருந்தாலும்." சோதனை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள்.

"ரெண்டு வருசமா அங்க அவளுக்கு வந்த ஒரே ஆபத்து நீங்கள்தான்."

அடுத்த ஞாயிறு கொட்டகைச் சுவரில், விதிகளுக்குக் கீழே, கையால் எழுதிய புது வரி ஒன்று இருந்ததாம். சக்கரங்களுக்குக் கீழே பழங்கள் வைக்கக் கூடாது. மகள் படம் எடுத்து அனுப்பினாள். நானும் போயிருந்தேன், ஆனால் தண்டவாள வேலிக்கு வெளியேதான் நின்றேன். கொட்டகைக்குள் போகுமுன் அவள் கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தாள். டிக்கெட் கிழிக்கும் பெரியவரைக் கூப்பிட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனாள். டிக்கெட் வாசலைவிட வேலியில் நான் கிட்டத்தான் இருந்தேன்.

சோதனையில் சித்தியடைந்தாள். முகமெல்லாம் கரியோடு வேலிக்கு வந்தாள்.

"இப்ப உள்ள வரலாம் அப்பா. ஆசிரியர் ஓம் எண்டுட்டார். ஜாக்கெட் பையை மட்டும் காட்டோணுமாம்."

"வேண்டாம். நான் இஞ்ச நிக்கிறன்."

அது நல்ல உறுதியான வேலி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.