இருபது மூட்டைகளும் அம்மாவின் சந்தேகமும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். மலையடிவாரத் தாப்பாவில் உறவினர் வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியில் படித்தார். போரில் ஜப்பானியர் வந்ததும் படிப்பு நின்று, தோட்டத்துக்கே திரும்பினார். அவருடைய அண்ணன், அதாவது எங்கள் மாமா, தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுபவர்.

ஒருநாள் தாப்பாவிலிருந்து லோரியில் இருபது மூட்டைகள் வந்தன. அரிசி பன்னிரண்டு, காய்ந்த மரவள்ளி எட்டு. மறுநாள் காலை சிப்பாய்களோடு வந்த ஜப்பானிய அதிகாரி, அனுப்பிய அரிசி பதினைந்து மூட்டை என்றார். மூன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மரவள்ளியை வைத்ததாகச் சொல்லி, மாமாவை முட்டிபோட வைத்து அடித்தார்கள்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா மலையிலிருந்து ஓடிவந்தார்.

“அண்ணே, தாப்பா சீட்டு எங்க?”

“சட்டைப் பையில இருக்கு. நீ போயிடு தங்கச்சி!”

தாப்பாவில் எடைபோட்டு லோரியோடு அனுப்பிய அந்தச் சீட்டில் இருந்தவை இரண்டே எண்கள்: மூட்டை இருபது, மொத்த எடை ஆயிரத்து நாற்பது கிலோ. அரிசி மூட்டை அறுபது கிலோ, மரவள்ளி மூட்டை நாற்பது. அம்மா தேயிலைப் பெட்டியின் மூடியில் கரியால் எழுதினார். அரிசி மூட்டைகள் எக்ஸ். அப்படியானால் மரவள்ளி, இருபதில் எக்ஸ் போக மிச்சம். அந்த மிச்சத்தை எடைச் சமன்பாட்டில் மரவள்ளி இருந்த இடத்தில் வைத்ததும், தெரியாதது ஒன்றே ஒன்றாயிற்று. விரித்தால் எண்ணூறும் இருபது எக்ஸும் சேர்ந்து ஆயிரத்து நாற்பது. எக்ஸ் பன்னிரண்டு.

“பதினஞ்சு ஏத்தியிருந்தா தாப்பாவுலயே ஆயிரத்து நூறு கிலோ வந்திருக்கும் லா!” என்று கத்தினார்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கரியை வாங்கி, அதே கணக்கை அம்மாவின் வரிகளுக்குக் கீழே தானே போட்டுப் பார்த்தார். அவருக்கும் பன்னிரண்டே வந்தது. மாமாவை விடச்சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போருக்குப் பின் அம்மா தோட்டப் பள்ளியில் ஆசிரியையானார். அப்பா சீக்கிரமே போய்விட, எங்கள் நால்வரையும் தனியாக ஆளாக்கினார். மாமா கண்மூடும்வரை, “ஊரே சந்தேகப்பட்டப்ப என் தங்கச்சி என்னை நம்புனா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார்.

கடைசி வாரத்தில்தான் என்னிடம் சொன்னார்: “எழுத ஆரம்பிக்கிறப்ப அண்ணன் எடுத்திருக்குமோன்னு எனக்கும் இருந்திச்சுடா. வீட்ல அவ்ளோ பசி. பதினஞ்சுன்னு வந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு தெரியல. அண்ணன்கிட்ட சொல்ல வாய் வரல. அண்ணனோட பிள்ளைங்ககிட்டயாவது சொல்லிடு.”

அம்மாவை இரவுபகலாகப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், கம்போங் ராஜாவிலிருந்தும் கோலா தெர்லாவிலிருந்தும் மழையில் வந்து தோள்கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

மாமாவின் பிள்ளைகளே, சொல்லிவிட்டேன். எங்கள் அம்மாவை மன்னித்துவிடுங்கள்.