மாடிக்குக் காத்திருக்கும் கம்பிகள்

பெத்ரலோனி என்ற கிரேக்கக் கிராமத்துக்கு மேலே மலைச்சரிவில் இடிந்து கிடக்கும் கோயிலில் நானூற்றுப் பன்னிரண்டு கற்கள் உண்டு. நான்கு வருடம் முன்புவரை இந்தக் கணக்கு ஊரில் யாருக்கும் தெரியாது. அசிமினா வந்துதான் கற்களின் மேலிருந்த ஆடுகளை விரட்டிவிட்டு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டாள். பிறகு எல்லாப் பக்கமும் அளந்து, வரைந்து, அளந்தது சரிதானா என்று மறுபடியும் அளந்தாள்.

அவளுடைய அண்ணன் ஸ்டாதிஸுக்கு அந்த எண்களில் பாதி மனப்பாடம். சாப்பாட்டு மேசையில் அவள் வேறு எதையும் பேசுவதில்லை. அவித்த கீரைக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டே, "நூத்தி ஏழுல ஒரு ஆணிக்குழி இருக்குண்ணே" என்பாள். அவன் பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ரொட்டியைப் பிய்ப்பான்.

சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். அப்பா ரொட்டி வெட்டினால் கயிறு வைத்து அளந்து, அண்ணன் துண்டு சின்னது என்று சண்டை போடுவாள். அப்பா செத்தபோது ஸ்டாதிஸுக்குப் பதினாறு, அவளுக்கு ஏழு. அவன் பள்ளிக்கூடத்தை விட்டு ஆலிவ் தோப்புக்குப் போனான். அவள் ஏதென்ஸுக்குப் போய்ப் படித்தாள். பேராசிரியை ஒன்றும் ஆகவில்லை. தொல்பொருள் துறையில் ஒப்பந்த வேலை, கல் வரைகிற வேலை. "கல்லு வரையறதுக்கா அத்தனை வருஷப் படிப்பு?" என்று காப்பிக்கடையில் யாரோ கேட்டதற்கு ஸ்டாதிஸ் அவனோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை.

இப்போது அதே காப்பிக்கடையில் வேறு புகைச்சல். திங்கட்கிழமை அவள் அறிக்கை போகவேண்டும்.

"என்ன மாப்ளே, உன் தங்கச்சி நம்ம கோயிலை அரைகுறைக் கட்டடம்னு எழுதப் போறாளாமே?" என்றான் கடைக்கார லாம்ப்ரோஸ். "எதிரி வந்து எரிச்சுட்டுப் போனான்னு எங்க தாத்தா சொல்லுவாரு."

"உங்க தாத்தா அங்க கல்லு அளந்தாரா?"

"ஆடு மேச்சாரு."

"அப்ப ஆட்டைப் பத்திப் பேச்சு வந்தா அவரைச் சொல்லு."

வாயை அடைத்துவிட்டு வந்தானே தவிர, வீட்டுக்கு வந்ததும் அவனே பிடித்துக்கொண்டான். "ஏய் மினா, முடிக்காத கோயில்னு எதை வச்சுச் சொல்ற?"

"படிக்கல்லுல குமிழ் குமிழா நீட்டிட்டு இருக்குல்ல, கயிறு மாட்டித் தூக்குறதுக்கு விட்டது. எல்லா வேலையும் முடிஞ்ச பிறகுதான் அதைச் செதுக்கி எடுப்பாங்க. எடுக்கலை. அப்ப வேலை நின்னு போச்சு."

"நம்ம வீட்டு மொட்டை மாடில முப்பது வருஷமா இரும்புக் கம்பி நீட்டிட்டு இருக்கு. அதுக்காக நாம கீழ குடியில்லைனு ஆயிடுமா?"

அசிமினா சிரித்தாள். "கம்பி வேற, கல்லு வேற. கூரை வரைக்கும் போனாங்கன்னா, கூரைக்கு அடில நீட்டிட்டு நிக்கிற கொடுங்கைக் கல்லு இருக்கணும். அதுல நீலம் பூசியிருக்கணும். அப்படி ஒரே ஒரு கல்லைக் காட்டு, நான் தோத்தேன்னு ஒத்துக்கிறேன்."

ஸ்டாதிஸின் கையில் ரொட்டி அப்படியே நின்றது.

அவன் வீட்டு எண்ணெய்க் கிடங்கில், பெரிய பீப்பாய்க்குப் பக்கத்தில், சுண்ணாம்படித்த ஒரு கல் உண்டு. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. அவனும் அப்பாவும்தான் புரட்டிக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் திட்டுத் திட்டாக நீலம் இருந்தது. "அந்தப் பக்கத்தைக் கீழ போடுடா. எவனாவது பாத்தான்னா வீடு கட்ட விடமாட்டான்" என்றார் அப்பா. இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு கல் கவிழ்ந்து கிடக்கும். எவரும் அடுத்தவர் வீட்டில் குனிந்து பார்ப்பதில்லை.

அந்தக் கம்பிகளும் சும்மா நிற்கவில்லை. மேல்மாடி அசிமினாவுக்கு என்று அப்பா சொல்லிவிட்டுப் போனது. டவுனில் வாடகை அறையில் கிடந்து, சாப்பாட்டுக்கு மட்டும் இங்கே வந்துபோகிறவளுக்காக ஸ்டாதிஸ் ஏழு மாதம் முன்புதான் அனுமதிக்கு மனுப் போட்டிருந்தான்.

"வாயத் தொறந்தீங்கன்னா மாடி போச்சு" என்றாள் மனைவி டியமாந்தோ.

"மாடி அவளுக்குத்தானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

மூன்று நாள் அவன் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அசிமினா அறிக்கையின் கடைசி வரியை அவனுக்குப் படித்துக் காட்டினாள். "இக்கோயிலின் திருப்பணி கூரையை எட்டவேயில்லை." அதற்குக் கீழே அவள் பெயர் இருந்தது. தான் விற்று அனுப்பிய டப்பா ஒன்றில் நூறு கிராம் எண்ணெய் குறைந்தாலும் வண்டியைத் திரும்ப வரவழைக்கிறவன் ஸ்டாதிஸ். தங்கை பெயருக்கு மேலே ஒரு தப்பு வரி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"அடிச்சுத் தள்ளு அந்த வரிய."

"ஏன்?"

"எந்திரிச்சு வா. கேள்வி கேக்காத."

கிடங்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். கல் ஒரு முனகலோடு புரண்டது. நீலம் அப்படியே இருந்தது. அசிமினா தரையில் குப்புறப் படுத்து, மூக்கு உரசுகிற தூரத்தில் அதைப் பார்த்தாள்.

"இது மேல உக்காந்துதானேண்ணே நான் ஆலிவ் பொறுக்குவேன்?"

"ஆமா."

"முப்பது வருஷமா?"

"கத்தாத."

"அளவு நாடாவைக் கொண்டா."

"நாலு வருஷ வேலை போச்சேன்னு அழ மாட்டியா நீ?"

"எதுக்கு அழணும்? கூரை போட்டிருக்காங்கண்ணே! வண்ணம் பூசிக் கும்பிட்டிருக்காங்க. குமிழை மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டிருக்காங்க. நீ சொன்ன கம்பி மாதிரியே." எழுந்து தூசியைத் தட்டினாள். "எங்க கிடைச்சதுன்னு எழுதணும்."

"ஓடைல கிடைச்சதுன்னு எழுதேன்."

"பக்கத்து ஊர் எண்ணெயை நம்ம எண்ணெய்னு விப்பியா நீ?"

ஸ்டாதிஸ் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான். "அது உன் மாடி, தெரியுதா?" என்றான் கடைசியில்.

"தெரியும். இடம் சொல்லாத கல்லு சாட்சி ஆகாதுண்ணே."

வசந்தகாலத்தில் அதிகாரிகள் வந்தார்கள். கிடங்கைச் சுற்றி முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். மாடி மனுவை நிறுத்தி வைத்தார்கள், எத்தனை காலத்துக்கு என்று சொல்லவில்லை. லாம்ப்ரோஸ் மட்டும், "எரிச்சதுன்னு எழுதலைன்னாலும் கூரை இருந்துச்சுன்னு எழுதிட்டா" என்று கடையில் எல்லோருக்கும் காசு வாங்காமல் காப்பி கொடுத்தான். டியமாந்தோ மொட்டை மாடிக் கம்பிகளுக்கு இடையில் புதிதாக ஒரு துணிக்கொடி கட்டிக்கொண்டாள்.

அறிக்கை அச்சாகி வந்தபோது ஸ்டாதிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்து வரைபடத்தைத் திறந்தான். நானூற்றுப் பதிமூன்றாம் கல். இடம், ஸ்டாதிஸின் எண்ணெய்க் கிடங்கு. கிடங்கு வாசலின் அகலம்கூட சென்டிமீட்டர் கணக்கில் குறித்திருந்தது. பிறகு எழுந்து போய்க் கிடங்கு வாசலை அளந்துவிட்டு வந்து தங்கைக்குப் போன் போட்டான்.

"கதவு தொண்ணூத்தி ரெண்டு. தொண்ணூத்தி ஒண்ணுன்னு போட்டிருக்க. இதுக்கா அத்தனை வருஷப் படிப்பு?"