சிலிண்டருக்குப் போர்த்திய கம்பளி

அப்போது நான் ஹட்டனில் ஒரு கராஜில் வேலை பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. வாய் மட்டும் விடவில்லை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நான் தனி ஆள். கேலி பண்ணவாவது ஆள் வேண்டுமே என்று, கராஜ் திறக்கும் முன்பே வாசலில் போய் நிற்பேன்.

யுத்த நிறுத்தக் காலம். டவுனில் கடை வைத்திருந்தவரின் மகன், கொழும்பில் இருப்பவர், ஒரு டர்போ கார் கொண்டுவந்தார். நுவரெலியாவில் சித்திரை மாதம் நடக்கும் மலையேற்றக் கார் போட்டிக்கு. அந்தக் காரில் ஒரு குறை. வளைவில் வேகம் குறைந்துவிட்டால், என்ன மிதித்தாலும் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். புகை பெருகி டர்போவைச் சுழற்றிய பிறகுதான் இழுக்கும்.

“என்னாடா இது, மிதிச்சாலும் அசைய மாட்டேங்குது?”

“காலையில தோட்டத்துக் கண்டாக்கு வேலைக்கு ஆள் எண்ணப் பெரட்டுக்குக் கூப்புட்டா எவன்ணே ஒடனே வாறான்? டர்போவும் நம்ம தோட்டத்து ஆளுதான்.”

அவர் சிரித்தார். அடுத்த முறை வரும்போது கொழும்பிலிருந்து நைட்ரஸ் ஒக்சைட் வாயுச் சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். டர்போ விழிக்கும் வரை, அந்த ஓரிரு விநாடிக்கு மட்டும் வாயுவை என்ஜினுக்குள் விட்டால் கூடுதல் பெட்ரோல் எரியும், புகை பெருகும், டர்போ சட்டென்று சுழலும். குழாய், சுவிட்ச் எல்லாம் நான்தான் பொருத்தினேன். நோர்வூட் பாதையில் மத்தியான வெயிலில் ஓட்டிப் பார்த்தோம். வளைவு முடிந்ததும் கார் பாய்ந்தது.

“அங்கயும் இப்புடி ஓடிச்சின்னா ஒன்னயக் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறேன்டா. ரேஸ் கராஜ். பத்துப் பேரோட வேல செய்யலாம்.”

பத்துப் பேர்! ஒருத்தரையும் பார்க்காமலே பத்துப் பேருக்கும் பட்டப்பெயர் வைத்து முடித்தேன்.

போட்டியன்று காலை நுவரெலியாவில் ஒரே பனி. ராத்திரி முழுக்க வெளியில் நின்ற காரில் சிலிண்டர் ஐஸாகக் கிடந்தது. குளிரில் வாயுவின் அழுத்தம் இறங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். மலையில் பிறந்தவனுக்குக் குளிருக்கு ஒரே மருந்துதான். நான் போர்த்தியிருந்த, அம்மா விட்டுப்போன கம்பளியைக் கழற்றிச் சிலிண்டரை இறுகச் சுற்றினேன்.

“என்னாடா பண்ற?”

“பச்சப் புள்ளண்ணே. காத்துப் படக்கூடாது.”

சட்டையோடு இரண்டு மணி நேரம் நடுங்கினேன். வெயிலும் வந்துவிட்டது. நம் புள்ளைக்கு நன்றாகச் சூடு ஏறியிருக்கும் என்று நினைத்தேன்.

முதல் வளைவிலேயே கார் இருமியது. வாயு போதாமல், அதற்காக விட்ட பெட்ரோல் கறுப்புப் புகையாக வந்தது. கடைசி ஆளாக ஏறி வந்தார்.

கம்பளியை அவிழ்த்துத் தொட்டேன். காரின் தகரம் வெயிலில் சுட்டது. சிலிண்டர் மட்டும் விடியற்காலையில் இருந்த மாதிரியே இருந்தது. உள்ளே இருந்த குளிரைக் கம்பளி வெயிலிடமிருந்தும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

“அண்ணே, அப்ப நான்?”

“அடுத்த வருசம் பாப்பம்டா.” கார் கொழும்புப் பக்கம் இறங்கிப்போனது.

நான் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்தேன், கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு. காம்பராவில் அதைப் போர்த்திப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் என் உடம்புச் சூட்டிலேயே கதகதவென்று ஆனது. இத்தனை நாளும் அதை அம்மாவுடைய சூடு என்றே நினைத்திருந்தேன்.