கல்தூளும் புது ப்ராசஸரும்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அவருக்கு ஒரு பழக்கம். எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்ட பிறகுதான் பதில் வரும்.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடமொன்றில் சிலைகளுக்குக் கம்ப்யூட்டரில் மாதிரி வரைவது என் வேலை. சிற்பி காத்திருக்க, மாதிரியைத் திருப்பினாலே திரை உறைந்து நின்றது. புதிதாக வந்திருக்கும் ப்ராசஸரை வாங்குவதா வேண்டாமா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

"புது ப்ராசஸர் போட்டுடலாமா?"

துடைத்தார், மாட்டினார், பெட்டியைத் திறந்தார். ஃபேன் முழுக்கக் கல்தூள்; சூடு வெளியேற வழியே இல்லை.

"இன்னா அண்ணாத்த, உள்ளயே ஒரு சிலை செதுக்கலாம் போல கீது!"

சுத்தம் செய்து ஓடவிட்டார். மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

"இதுவே போதும். புச்சு எதுக்கு? வீண் பேஜாரு."

நிம்மதியாகக் கிளம்பும்போது சொன்னார்: "ஆனா புச்சு சூப்பரா கீது. நேத்துதான் நம்ம வூட்டு கம்ப்யூட்டர்ல போட்டேன்."

"பழசு ஸ்லோவா?"

"இல்லியே. நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெட்டியை மடியில் வைத்து, வந்தபோது இருந்ததைவிடக் குழம்பிப்போய் மாமல்லபுரம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், கண்ணாடி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.